கடைசி இருவர்: போக்கர் போட்டியின் ஹெட்ஸ்-அப் ஆட்டம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டி தொடங்கும்போது நூறு பேர் இருக்கலாம், ஆயிரம் பேர் இருக்கலாம். முடியும்போது மேசையில் இரண்டே பேர். இந்தக் கடைசிக் கட்டத்துக்கு ஹெட்ஸ்-அப் என்று பெயர். நோ-லிமிட் டெக்சாஸ் ஹோல்டெம் ஆடும் நண்பர்கள் இதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்தக் கை எதை வெல்லும், பிளைண்ட் என்றால் என்ன என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்காக எழுதியது இது.

இருவர் மட்டும் ஆடும்போது விதிகளில் என்ன மாறுகிறது?

பட்டன் (சீட்டுப் போடுபவரின் இடத்தைக் காட்டும், கைக்குக் கை நகரும் வில்லை) யாரிடம் இருக்கிறதோ அவரே ஸ்மால் பிளைண்ட் போடுவார். எதிரே இருப்பவர் பிக் பிளைண்ட். ஃபிளாப்புக்கு (மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு) முன் பட்டன்காரர் முதலில் பேச வேண்டும், அதாவது தன் முடிவைச் சொல்ல வேண்டும். ஃபிளாப், டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு), ரிவர் (ஐந்தாவது) மூன்றிலும் அவர் கடைசியாகப் பேசுவார். மூன்றாமவர் வெளியேறிய அந்த நிமிடத்தில் பட்டனை எங்கே வைப்பது என்று குழப்பம் வருவது வழக்கம். ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு முறை பிக் பிளைண்ட் போடக் கூடாது. அதற்கு ஏற்றாற்போல் பட்டனை நகர்த்துவார்கள்.

கடைசியாகப் பேசுவது சின்ன விஷயமாகத் தோன்றும். எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பந்தயத் தொகை வரையறுக்கப்பட்ட லிமிட் ஹோல்டெம் இருவர் ஆட்டத்தை செஃபியஸ் என்ற கணினி நிரலால் தீர்த்துவிட்டதாக 2015 ஜனவரியில் அறிவித்தார்கள். இருவருமே பிழையில்லாமல் ஆடினால், பட்டன் பக்கம் இருப்பவர் 1,000 கைகளுக்கு (ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) ஏறத்தாழ 88 பிக் பிளைண்ட் லாபம் பார்ப்பார் என்பது அவர்களின் கண்டுபிடிப்பு. சீட்டு ஒன்றுதான், திறமை ஒன்றுதான். இடம் மட்டுமே இந்த வித்தியாசத்தைத் தருகிறது. ஆகவே பட்டன் உங்களிடம் இருக்கும் கைகளில் அதிகம் ஆடுங்கள், இல்லாத கைகளில் பாட் (நடுவில் சேரும் சிப்) பெரிதாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொறுமையாக ஆடித்தான் இறுதிவரை வந்தேன். இப்போது மட்டும் ஏன் மாற வேண்டும்?

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் முக்கியமானது. ஏனென்றால் உங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்த அதே பழக்கம்தான் இங்கே உங்களை வெளியேற்றும்.

கணக்கைப் பாருங்கள். இப்போது பல போட்டிகளில் பிக் பிளைண்ட் போடுபவரே இன்னொரு பிக் பிளைண்ட் அளவுக்கு ஆன்ட்டியும் (பிளைண்டுக்கு மேல் கட்டாயமாக நடுவில் போடும் சிப்) போடுகிறார். ஒன்பது பேர் மேசையில் ஒரு சுற்றுக்கு, அதாவது ஒன்பது கைகளுக்கு, உங்கள் செலவு இரண்டரை பிக் பிளைண்ட். 20 பிக் பிளைண்ட் (இனிச் சுருக்கமாக ‘பிளைண்ட்’) கையிருப்போடு ஒரு சீட்டும் ஆடாமல் உட்கார்ந்தால் 72 கைகள்வரை தாங்கும். ஹெட்ஸ்-அப்பில் அதே இரண்டரை பிளைண்ட் இரண்டே கைகளில் போய்விடுகிறது. அதே 20 பிளைண்ட் 16 கைகளில் கரைந்துவிடும். ஏஸ், ராஜா, ராணி ஜோடிகளில் ஒன்றோ ஏஸ்-ராஜாவோ வருவது சராசரியாக 39 கைகளுக்கு ஒருமுறை. நல்ல சீட்டு வந்து சேரும்போது அதைப் பந்தயம் கட்ட உங்களிடம் சிப் இருக்காது.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் வீட்டு மொட்டைமாடியில், பணம் எதுவும் இல்லாமல் ஒரு கோப்பைக்காகப் பதினெட்டுப் பேர் ஆடினோம். கடைசி இருவரில் நான் ஒருவன். எதிரே நண்பரின் மாமா. ரம்மியில் பழுத்தவர், போக்கருக்குப் புதியவர். என்னிடம் 22 பிளைண்ட் இருந்தது. ராணி-நான்கு வந்தது, ஃபோல்ட் (சீட்டைப் போட்டுவிட்டு விலகினேன்). ஜாக்கி-ஏழு, ஃபோல்ட். ராஜா-மூன்று, அதுவும் ஃபோல்ட். அவர் ஒவ்வொரு முறையும் இரண்டு பிளைண்டுக்கு உயர்த்திவிட்டு, சிப்பைச் சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு வழியாக எனக்கு ஒன்பதின் ஜோடி வந்தபோது 7 பிளைண்டுதான் மிச்சம். ஆல்-இன் போட்டேன், அதாவது இருந்த எல்லாச் சிப்பும் நடுவில். அவர் ஏஸ்-நான்கோடு கால் செய்தார் (அதே தொகையைப் போட்டு ஏற்றார்), ரிவரில் ஏஸ் விழுந்தது. மாடியில் எல்லோரும் அந்த ஏஸைப் பற்றியே பேசினார்கள். 22 பிளைண்ட் எப்படி 7 ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் அதைத்தான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்படியானால் எந்தச் சீட்டுகள் ‘நல்ல’ சீட்டுகள்?

எதிரே ஒரே ஒருவர் இருக்கும்போது சீட்டின் மதிப்பு ஏறிவிடுகிறது. ராணி-ஏழு, சின்னம் வேறு வேறாக இருந்தாலும், எந்த இரண்டு சீட்டு என்று தெரியாத எதிராளிக்கு எதிராகப் பாதிக்குச் சற்று மேல் வெல்லும். ஒன்பது பேர் மேசையில் நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காத கை அது. ஏஸ் ஏதாவது ஒன்று கையில் வருவது 100 கைகளில் 15 முறைதான்; ஜோடி வருவது 17 கைகளுக்கு ஒருமுறை. ஆக, சிறிய சீட்டோடு வரும் ஏஸும் இரண்டின் ஜோடியும்கூட இங்கே வலுவான கைகள்தான்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: ஜோடியில்லாத இரண்டு சீட்டுக்கு மூன்றில் இரண்டு முறை ஃபிளாப்பில் எதுவும் சேராது. உங்களுக்குச் சேரவில்லை என்றால் அவருக்கும் பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

எனக்கு 15 பிளைண்ட், எதிராளிக்கு 60. யார் கையிருப்பை வைத்துக் கணக்கிட வேண்டும்?

சிறியதை. உங்கள் 15 பிளைண்டுக்கு மேல் அவரால் உங்களிடமிருந்து எடுக்க முடியாது, உங்களாலும் ஒரே கையில் அதற்கு மேல் வெல்ல முடியாது. இருவருமே 15 பிளைண்ட் ஆட்டம்தான் ஆடுகிறீர்கள்.

10 பிளைண்ட் அளவுக்குக் குறைந்துவிட்டால் எப்படி ஆடுவது?

பட்டனில் இருந்தால் ஆல்-இன் அல்லது ஃபோல்ட் என்று எளிமையாக்கிக்கொள்வது பெரிய தவறாகாது. கணிதர் ஜான் நாஷ் வகுத்த சமநிலைக் கோட்பாட்டின்படி, இருவரும் சரியாக ஆடினால் எந்தக் கையோடு ஆல்-இன் தள்ளலாம், எந்தக் கையோடு அதை ஏற்கலாம் என்று அட்டவணைகள் போட்டிருக்கிறார்கள். ஆன்ட்டி இல்லாத 10 பிளைண்ட் ஆட்டத்தில் ஸ்மால் பிளைண்டில் இருப்பவர் தன் கைகளில் ஏறத்தாழ 58 சதவீதத்தை ஆல்-இன் தள்ளலாம். எதிரே இருப்பவர் ஏறத்தாழ 37 சதவீதத்தோடு ஏற்கலாம். முதல்முறை பார்க்கும்போது நம்பவே முடியாது. ராஜா-இரண்டு, சின்னம் வேறானாலும், அந்தக் கையிருப்பில் தள்ள வேண்டிய கை. எந்த ஏஸும், எந்த ஜோடியும் 20 பிளைண்டில்கூடத் தள்ளலாம் என்கிறது அட்டவணை. ஆன்ட்டி சேர்ந்தால் இன்னும் தாராளமாக.

தள்ளுபவருக்கு இரண்டு வழியில் வெற்றி: எதிராளி சீட்டைப் போட்டுவிடலாம், அல்லது ஏற்ற பிறகும் நீங்கள் வெல்லலாம். ஏற்பவருக்கு ஒரே வழிதான். தள்ளும் வரம்பு அகலமாகவும் ஏற்கும் வரம்பு குறுகலாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். எதிராளி நாஷ் கணக்கைவிடப் பயந்து ஆடினால் நீங்கள் இன்னும் அதிகம் தள்ளுங்கள். எதையும் விடாமல் ஏற்கிறாரா? குப்பைச் சீட்டுகளைத் தள்ளுவதை நிறுத்துங்கள்.

அவர் ஆல்-இன் போட்டால் நான் எப்போது ஏற்பது?

முதலில் விலையைப் பாருங்கள். இருவருக்கும் 10 பிளைண்ட், நீங்கள் ஒன்றை ஏற்கெனவே போட்டிருக்கிறீர்கள். அவர் 10 தள்ளுகிறார். நடுவில் 11 இருக்கிறது, நீங்கள் இன்னும் 9 போட வேண்டும். மொத்தம் 20 ஆகும் பாட்டில் உங்கள் பங்கு 9. அதாவது 45 சதவீதம் வெல்லும் வாய்ப்பு இருந்தால் போதும். இதற்கு மேல் ஒரு பிளைண்ட் ஆன்ட்டியும் நடுவில் கிடந்தால் 21-க்கு 9. 43 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு போதும். அவர் ஜோடிகளையும் ஏஸ்களையும் மட்டும் தள்ளுபவரல்ல என்று தெரிந்தால், எல்லா ஜோடிகளோடும் எல்லா ஏஸ்களோடும் ராஜா உள்ள பெரும்பாலான கைகளோடும் ஏற்கலாம்.

“தோற்றால் வெளியே போய்விடுவேனே” என்ற பயம் இங்கே கணக்கில் சேராது. அது ஏன் என்று பரிசுத்தொகை பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

20, 30 பிளைண்டுக்கு மேல் இருந்தால்?

பட்டனில் இருந்து இரண்டு அல்லது இரண்டரை பிளைண்டுக்கு உயர்த்தினால் போதும். அதற்கு மேல் போடத் தேவையில்லை; ஏழெட்டு பேர் மேசையில் பழகிய மூன்று பிளைண்ட் உயர்த்தல் இங்கே வீண் செலவு. சும்மா கால் செய்து ஃபிளாப் பார்ப்பதும் ஹெட்ஸ்-அப்பில் கேவலமான ஆட்டமல்ல. நடுத்தரக் கையிருப்பில் கணினி நிரல்கள் பட்டனில் இருந்து நிறையவே அப்படி ஆடுகின்றன. எதிராளி உங்கள் ஒவ்வொரு உயர்த்தலுக்கும் ஆல்-இன் தள்ளுகிறார் என்றால், சும்மா கால் செய்வதே அவருக்குச் சரியான பதில்.

பிக் பிளைண்டில் இருக்கும்போது அவர் இரண்டு பிளைண்டுக்கு உயர்த்தினால், நீங்கள் போட வேண்டியது ஒன்று, நடுவில் இருப்பது மூன்று. 25 சதவீதம் போதும்; ஆன்ட்டி இருந்தால் 20. இந்த விலைக்கு ஏழு-இரண்டு போன்ற மிக மோசமான கைகளைத் தவிர மற்றவற்றை ஃபோல்ட் செய்வது அவருக்கு நீங்களே எடுத்துக்கொடுக்கும் சிப்.

ஃபிளாப் வந்த பிறகு சிறிய பந்தயங்களை மதியுங்கள். பாட்டில் மூன்றில் ஒரு பங்கு போட்டால், நான்கில் ஒருமுறை அவர் விலகினாலே உங்கள் காசு திரும்பிவிடும். அவருக்கோ மூன்றில் இரண்டு முறை எதுவும் சேர்ந்திருக்காது.

பிளஃப் (வலுவான சீட்டு இல்லாமலே பந்தயம் கட்டி எதிராளியை விலக வைப்பது) எப்போது செய்வது?

இதற்கு நான் எப்போதும் காட்டுவது 2003 ஆம் ஆண்டு லாஸ் வேகாஸ் போக்கர் உலகத் தொடர் முதன்மைப் போட்டியின் இறுதி ஆட்டத்தை. ஒரு பக்கம் கிறிஸ் மணிமேக்கர். டென்னசியைச் சேர்ந்த கணக்காளர், இணையத்தில் 86 டாலர் தகுதிச் சுற்று வழியாக 10,000 டாலர் போட்டிக்குள் வந்தவர். மறுபக்கம் சாம் ஃபார்ஹா, அனுபவம் வாய்ந்த தொழில்முறை ஆட்டக்காரர். 839 பேரில் மிஞ்சியவர்கள் இந்த இருவர்.

மணிமேக்கரிடம் இஸ்பேடு ராஜாவும் ஆர்ட்டின் ஏழும். ஃபார்ஹாவிடம் இஸ்பேடு ராணியும் ஆர்ட்டின் ஒன்பதும். ஃபிளாப் இஸ்பேடு ஒன்பது, டைமண்ட் இரண்டு, இஸ்பேடு ஆறு. டர்ன் இஸ்பேடு எட்டு. ஃபார்ஹா 3 லட்சம் போட்டார், மணிமேக்கர் 8 லட்சமாக உயர்த்தினார், ஃபார்ஹா ஏற்றார். அந்த நிமிடத்தில் ஃபார்ஹாவின் ஒன்பதின் ஜோடிதான் முன்னணியில் இருந்தது. ஆனால் மணிமேக்கருக்கு உதவும் சீட்டுகளை எண்ணிப் பாருங்கள்: எட்டு இஸ்பேடு, இஸ்பேடு அல்லாத ஐந்தும் பத்தும் சேர்த்து ஆறு, ராஜா மூன்று. மிச்சமிருந்த 44 சீட்டுகளில் 17. அந்த உயர்த்தல் வெறும் துணிச்சல் கிடையாது. ஏற்கப்பட்டாலும் பிழைக்க வழி வைத்துக்கொண்டு போட்ட பந்தயம்.

ரிவரில் ஆர்ட்டின் மூன்று வந்தது. ஒன்றும் சேரவில்லை. ஃபார்ஹா செக் செய்ய (பந்தயம் கட்டாமல் விட), மணிமேக்கர் ஆல்-இன் போட்டார். ஃபார்ஹா வெகுநேரம் யோசித்தார். மேசையில் மூன்று இஸ்பேடு கிடக்கிறது. ஃபிளஷ் இருக்கலாம், வரிசை சேர்ந்திருக்கலாம். ஒற்றை ஜோடியை ஃபோல்ட் செய்துவிட்டார். இஸ்பேடு ராஜா மணிமேக்கர் கையில் இருந்ததால், ராஜா உயர்ந்த ஃபிளஷ் ஃபார்ஹாவிடம் இருக்கவே முடியாது. இதுவும் அந்த பிளஃபுக்குத் துணை நின்றது.

நல்ல பிளஃபுக்கு என்ன வேண்டும் என்பது இந்த ஒரு கையிலேயே இருக்கிறது. முதலிலிருந்து கடைசிவரை ஒரே கதையைச் சொல்லியிருக்க வேண்டும். எதிராளியிடம் நடுத்தரமான கை இருக்க வேண்டும். சீட்டைப் போடத் தெரிந்தவராகவும் அவர் இருக்க வேண்டும். இந்த மூன்றாவதை மறந்து, எதையும் விடாதவரிடம் பிளஃப் செய்து தோற்பவர்களையே அதிகம் பார்க்கிறேன்.

மணிமேக்கர் வென்றது 25 லட்சம் டாலர். அடுத்த ஆண்டு அதே போட்டிக்கு 2,576 பேர் வந்தார்கள்.

பெரிய கை கிடைத்தால் மறைத்து ஆடலாமா?

எதிராளி தானாகவே பந்தயம் கட்டுபவராக இருந்தால் ஆடலாம். 1988 உலகத் தொடர் இறுதியில் ஜானி சான் கையில் ஜாக்கி-ஒன்பது, எரிக் சைடல் கையில் ராணி-ஏழு. ஃபிளாப் ராணி, பத்து, எட்டு. சானுக்கு வரிசை அப்படியே அமைந்துவிட்டது. சைடலுக்கு மேசையின் உயர்ந்த ஜோடி. டர்னில் சான் செக் செய்து அமைதி காத்தார். ரிவரில் சைடல் தானே ஆல்-இன் தள்ள, சான் தொடர்ந்து இரண்டாவது ஆண்டாக வென்றார். சைடலைக் குறை சொல்ல மாட்டேன். இருவர் ஆட்டத்தில் மேசையின் உயர்ந்த ஜோடி பெரிய கைதான்.

எதிராளி எல்லாவற்றையும் ஏற்கும் ரகமாக இருந்தால் மறைக்காதீர்கள். நேராகப் பந்தயம் கட்டுங்கள், அவர் கொடுப்பார்.

எதிராளியை எப்படிப் படிப்பது?

முகத்தை விடுங்கள், எண்ணிக்கையைப் பாருங்கள். பட்டனில் பத்து கைகளில் எத்தனை முறை உயர்த்துகிறார்? உங்கள் உயர்த்தலுக்கு எத்தனை முறை சீட்டைப் போடுகிறார்? ஃபிளாப்பில் செக் செய்தபின் பந்தயம் வந்தால் விலகுகிறாரா? காட்டப்படும் ஒவ்வொரு கையையும் பின்னோக்கிப் பாருங்கள்: இந்தச் சீட்டோடு ஃபிளாப்பில் என்ன செய்தார், டர்னில் ஏன் நிறுத்தினார்? பெரிய பாட் ஒன்றைத் தோற்ற அடுத்த ஐந்து கைகளில் அவர் ஆட்டம் மாறுகிறதா என்றும் கவனியுங்கள், பலருக்கு மாறும். நீங்கள் சீட்டைப் போட்டுவிட்ட கைகளிலும் கைப்பேசியை எடுக்காதீர்கள். அவரும் உங்களை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பதையும் மறக்க வேண்டாம்.

சிப் 1:3 என்று பின்தங்கிவிட்டேன். முடிந்ததா?

திறமை சமமென்றால் உங்கள் வாய்ப்பு 25 சதவீதம். சிப் பங்கு எவ்வளவோ அவ்வளவு. ஒரே ஒரு முறை இரட்டித்தால் சமம்.

கடைசி இருவரில் பரிசுத்தொகை பற்றிய கவலை வேண்டுமா? பிரித்துக்கொள்ளலாமா?

முதல் பரிசு 10 லட்சம், இரண்டாம் பரிசு 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் 6 லட்சம் உறுதியாகிவிட்டது. இப்போது ஆடுவது மீதி 4 லட்சத்துக்கு மட்டும். மூன்று பேர், நான்கு பேர் இருக்கும்போது “இன்னொருவர் முதலில் வெளியேறட்டும்” என்று காத்திருந்தால் பரிசு ஒரு படி ஏறும். இங்கே ஏற இன்னொரு படி இல்லை. அதனால்தான் ஒவ்வொரு சிப்புக்கும் ஒரே மதிப்பு, லாபமான ஆல்-இன்னைத் தோல்விப் பயத்தில் விட்டுவிடக் காரணமே இல்லை.

போட்டி விதி அனுமதித்தால் பிரிக்கலாம். சிப் 60:40 என்றால் அந்த 4 லட்சத்தையும் அப்படியே பிரிப்பது நியாயம்: ஒருவருக்கு 8 லட்சத்து 40 ஆயிரம், மற்றவருக்கு 7 லட்சத்து 60 ஆயிரம். மொத்தம் 16 லட்சத்தையும் 60:40 என்று பிரித்தால் பின்தங்கியவருக்கு 6 லட்சத்து 40 ஆயிரம்தான் வரும். உறுதியான 6 லட்சத்துக்கு மேல் வெறும் 40 ஆயிரம். கையெழுத்திடும் முன் எந்தக் கணக்கு என்று கேளுங்கள்.

எவ்வளவு நேரம் நீடிக்கும்?

சில நேரம் ஒரே கை. 2018 உலகத் தொடர் முதன்மைப் போட்டியில் ஜான் சின்னும் டோனி மைல்ஸும் 199 கைகள், பத்து மணி நேரத்துக்கு மேல் ஆடினார்கள். முன்னணி பலமுறை கைமாறியது. முடிவில் சின் 88 லட்சம் டாலர், மைல்ஸ் 50 லட்சம். இறுதி மேசைக்கு முன் நன்றாகத் தூங்குவதும் உத்தியில் சேர்த்திதான்.

கணினி மனிதரை வென்றுவிட்டதே, அதைப் பார்த்து ஆடலாமா?

2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரச் சூதாட்ட அரங்கில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 கைகள் ஆடி, 17 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள சிப் வென்றது. பாட்டைவிடப் பெரிய பந்தயங்களை அது தயங்காமல் போட்டது. ஆனால் அங்கே ஒவ்வொரு கையும் 200 பிளைண்டோடு தொடங்கியது. போட்டியின் முடிவில் உங்களிடம் இருப்பதோ பெரும்பாலும் 15, 20, 40. அந்தக் கையிருப்புக்குரிய நிரல்களை வீட்டில் படியுங்கள். மேசையில் ஆடும்போது எந்த உதவியும் கூடாது. 2024 முதன்மைப் போட்டி இறுதியில் பார்வையாளர் பக்கம் மடிக்கணினி திறந்திருந்தது பெரும் சர்ச்சையாகி, பிறகு விதிகள் இறுக்கப்பட்டன.

இந்தியாவில் இணையத்தில் பணம் கட்டி ஆடலாமா?

கூடாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற வேறுபாடு பார்க்காமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது.

பணமில்லாமல் எப்படிப் பயிற்சி செய்வது?

ஒரு நண்பர், ஒரு சீட்டுக்கட்டு, ஆளுக்கு 20 பிளைண்ட் மதிப்புள்ள சிப். யாராவது தோற்கும்வரை ஆடுங்கள், மறுபடி 20 பிளைண்டோடு தொடங்குங்கள். ஒரு மாலையில் பத்து ஆட்டம் முடிக்கலாம். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்தவுடன் ஒரு தாளில் இரண்டே வரி எழுதுங்கள்: எந்தக் கையில் ஆல்-இன் நடந்தது, அதற்கு முன் உங்களிடம் எத்தனை பிளைண்ட் இருந்தது. இரண்டாவது எண் ஆட்டத்துக்கு ஆட்டம் 8, 7, 6 என்று வந்தால், நீங்கள் இன்னமும் ஒன்பது பேர் மேசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.